மாப்பிள்ளை எந்தத் துறை?

சுங்கை ரம்பாயிலிருந்து பத்து பெரண்டாமுக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்தில், என் முன்னிருக்கையில் சீருடையில் இரண்டு பெண்கள். இளையவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"மாப்பிள்ளைய வேணான்னுட்டேன்க்கா. அவரு நிலக்கரி."

"நிலக்கரின்னா?"

"அத எரிச்சுக் கரண்டு எடுக்கிற எடத்துல வேலை. நம்ம பேக்டரியில கிளாஸ் வச்சாங்கல்ல, நாட்டுலயே கார்பன் ஜாஸ்தி விடுறது மின்சாரத் துறைதானாம்."

"முந்தி வந்தவரு லாரிதானே?"

"போக்குவரத்து. அது ரெண்டாவது எடம்."

"மாட்டுப்பண்ணை வச்சிருந்தாரே, அவரு நல்ல பையன்லா."

"மாடு ஏப்பம் விட்டாலே வானம் சூடாவுதாம்க்கா."

"அப்பா என்னா சொல்றாரு?"

"சனிக்கிழம சிமெண்டு பேக்டரிக்காரரு பாக்க வராரு. அவரையும் ஏதாச்சும் சொன்னா வீட்டுக்குள்ள சேக்க மாட்டாராம்."

மூத்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து மேடு ஏறியது. சன்னல் வழியாகக் கரும்புகை உள்ளே வந்தது.

"அப்ப இந்த பஸ்ஸு விடுற புகை?"

"இத்தன பேருக்குப் பங்கு போட்டா ஒண்ணுமே இல்லக்கா. கிளாஸ்ல கேட்டேன்."

தொழிற்சாலை வாசலில் எல்லாரும் இறங்கினோம். இளையவள் கடைசியாக வந்தாள். பையிலிருந்து ஒரு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை எடுத்து, டிரைவரின் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினாள்.

மூத்தவள் கீழே காத்திருந்தாள். "ஓ. அதான் கிளாஸ்ல பஸ்ஸப் பத்தி அத்தன கேள்வி கேட்டியா?"

எங்கள் பின்னால் சத்தம் சட்டென்று நின்றது.

"பாருங்கக்கா," என்றாள் இளையவள். "இன்ஜின அணைச்சுட்டாரு."