நாலாந்தரம் உருக்கிய கதிரை

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தைக்குக் குடிவந்த தமிழர் முதலில் பொலிசில் பெயர் பதிய வேண்டும். அங்கே மண்ணிறப் பிளாஸ்டிக் கதிரையொன்றில் நான் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர் தன் மச்சானிடம் மெல்லச் சொன்னார்:

"ஆடாமல் இரும். இது கிராண்ட்பாஸில இருக்கிற எங்கட பட்டறையில செய்த கதிரை."

"அதுக்கென்ன அத்தான்?"

"பழைய வாளி, உடைஞ்ச பேசின் எல்லாம் அரைச்சு உருக்கினது. ஒருக்கா உருக்கினால் பரவாயில்லை. இது நாலாந்தரம். பிடிப்பு விட்டுட்டுது. இனி வளையாது, சடாரெண்டு முறியும்."

"புதுப் பிளாஸ்டிக் குறுணி கலக்கேல்லையோ?"

"கிடைச்சால்தானே. நிறமும் கறுத்துப் போச்சு. அதுதான் மண்ணிறச் சாயம்."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, காற்றுக்கும் பாரம் இருக்குமே என்று அதையும் வெளியே விட்டேன்.

"அங்க மேசையடியில இருக்கிற பொலிஸ் பெரியவற்ர கதிரை, அத்தான்?"

"அதுவும் எங்கடதான். அவர் விழுந்தால் சதியெண்டுதான் எழுதுவினம். பதிய வந்த நான் உள்ளுக்கை இருக்க வேண்டியதுதான்."

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் பேனாவை வைத்துவிட்டு, கதிரையின் முன்கால்கள் உயரும்படி பின்னால் சாய்ந்தார். இருவரும் பதறி எழுந்து நின்றார்கள். அந்தக் கதிரைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அவர்களுக்கு முன்பே நான் எழுந்திருந்தேன்.

எங்கள் மரியாதை அவருக்குப் பிடித்துவிட்டது. "வாடிவென்ன" என்று சிங்களத்தில் எங்களை இருக்கச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.