மூன்றாவது போன்

ஹலோ... ஹலோ, கல்வி அலுவலகத்துலேர்ந்து பேசறேன்மா. வருகைப் பிரிவு... ஆமா, போன வாரம் பேசினேனே, அதே ஆள்தான்... ஆமா, ஆமா. அனுப்பறேன்னு சொன்னீங்க. அதுக்கு முந்தின தடவையும் சொன்னீங்க. ‘தாயிடம் பேசியாச்சு’ன்னு ரெண்டு தடவை எழுதி வச்சிருக்கேன். பொண்ணு இன்னைக்கும் வரல. முப்பத்தி நாலு நாள்...

காய்ச்சலா. சரி. போன தடவை வயித்து வலி.

இங்க பாருங்கம்மா, இது மூணாவது போன். புதுச் சட்டப்படி தாய்கிட்ட மூணு தடவை சொல்லியும் பிள்ளை வரலைன்னா ஃபைல் தானா கோர்ட்டுக்குப் போயிடும். பிள்ளையைக் கவனிக்காத தாய்னு கேஸ்... மிரட்டல. இருக்கிறதைச் சொல்றேன்...

ஒரு நிமிஷம்... இல்ல சார், பேசிட்டுத்தான் இருக்கேன். இன்னும் பதினோரு வீடு பாக்கி... ம்.

சொல்லுங்க... என்ன சொன்னீங்க?... இல்ல, கடைசியா. ‘நாளைக்குக் கண்டிப்பா அனுப்பறேன் மிஸ்’னா?

...

இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். மேடம்னிருக்காங்க, அக்கான்னிருக்காங்க, கண்டபடி திட்டியும் இருக்காங்க. எந்த அம்மாவும் என்னை மிஸ்னு கூப்பிட்டதில்ல.

வச்சிடாத. வச்சிடாத கண்ணு... பின்னாடி யாரு அழறது?... தங்கச்சியா. என்ன வயசு?... ஒண்ணரை. முதல்ல அவளைத் தூக்கிக்கோ.

அம்மா எங்க?... சலவை ஆலை. காலை ஷிஃப்ட்... போனை உள்ள விடமாட்டாங்க, அதனால வீட்ல. சரி. முன்னாடி பாப்பாவை யாரு பாத்துக்கிட்டா?... மாடி வீட்டு அக்கா. அவங்களுக்கு வேலை கிடைச்சிடுச்சு... அது அம்மாவுக்குத் தெரியுமா?... தெரிஞ்சா வேலையை விட்டுடுவாங்கன்னு நீயே... ம்... ம். அந்த ரெண்டு போனையும் எடுத்தது நீதானே?

கோபம் இல்லம்மா. படிவத்துல காரணத்துக்கு நாலு கட்டம் இருக்கு. நாலுலயும் நீ இல்ல.

சார்... இந்த ஃபைலைக் கோர்ட்டுக்கு அனுப்ப முடியாது சார். தாய்கிட்ட இன்னும் ஒரு தடவைகூடப் பேசல... ஆமா, பேசியாச்சுன்னுதான் போட்டிருக்கேன். என் கையெழுத்துதான். தப்பாப் போட்டுட்டேன்... விளக்கம் கேட்டா கேக்கட்டும். எழுதிக் கொடுக்கறேன்.

கண்ணு, இருக்கியா?... அம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?... ரெண்டரை. அப்பக் கூப்பிடறேன். அதுதான் முதல் போன்... ஆமா, சொல்லித்தான் ஆகணும்... பகல் நேரக் காப்பகத்துல பாப்பாவுக்கு இடம் கேட்டுட்டு அப்புறம் பேசறேன்... கிடைக்கும்னு சொல்லல. கேக்கறேன்னு சொல்றேன்.

ரெண்டரைக்கு மணி அடிக்கும். நீ எடுக்காத.