சோப்பு போட்டுக் கழுவிய கற்கள்

"ஏம்மா, கல்லைப் போய் யாராவது சோப்பு போட்டுக் கழுவுவாங்களா?"

பிள்ளைகளே, நன்னிலத்தில் தஞ்சாவூர் பேருந்து ஏறியதும் என் முன் இருக்கைப் பெண் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் இப்படிக் கேட்டாள். அவள் நிலவியல், அதாவது பாறைகளைப் பற்றிய படிப்பு படிக்கிறவள். மடியில் ஒரு பை நிறையக் கற்கள். பை கனம் என்று கூடவே வந்திருந்தார் அவள் அம்மா.

"ஒரே மண்ணா இருந்துச்சுடி. வாத்தியார்கிட்ட அழுக்கோடவா காட்டுவ?"

"ஒவ்வொண்ணுலயும் ஊர்ப்பேரு எழுதியிருந்தேன். எல்லாம் அழிஞ்சு போச்சு. இன்னிக்குப் பரீட்சைம்மா. இதுல தேறினாத்தான் டிகிரி."

"பார்த்தா என்ன கல்லுன்னு தெரியாதா? இத்தனை வருஷமா என்னத்தப் படிச்ச?"

"என்ன கல்லுன்னு சொல்லிடுவேன். எங்க எடுத்ததுன்னு கல்லு சொல்லாது. நம்ம வயலைத் தோண்டினா ஒரு கல்லு கெடைக்குமா? அரியலூரு, சேலம்னு அலைஞ்சு எடுத்தது. இடம் தெரியலன்னா இது வெறும் ஜல்லி."

அம்மா கைப்பேசியை எடுத்தார்.

"டூர் போனப்ப, எந்த ஊர்ல நிக்கிறன்னு போட்டோ அனுப்பச் சொன்னேன்ல? எல்லாம் அப்படியே இருக்கு, பாரு."

ஒவ்வொரு படத்திலும் அவள் கை மட்டும், அதில் ஒரு கல். கீழே ஊரின் பெயர். பெண் பேனாவை எடுத்து, படத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்களில் எழுதத் தொடங்கினாள்.

"நல்லவேளைம்மா, நீ அழிக்கல."

"எப்படிடி அழிக்கிறது? ஒண்ணுலயாவது உன் மூஞ்சி தெரியுதான்னு இன்னும் தேடிக்கிட்டுல்ல இருக்கேன்."