உங்க கையில கூட சாகாத செடி

— அடுப்ப அணைச்சிடலாமா?

— கைய வைக்காதீங்க. நூல்ல இன்னும் மஞ்சளே ஏறல.

— ஏறும், ஏறும். கொஞ்சம் பொறு.

— ஒரு மணி நேரமா பூவோட சேர்ந்து கொதிக்குது. உங்க பனியனே இதவிட மஞ்சளா இருக்கு.

— காலங்காத்தால என் பனியன எதுக்கு இழுக்கிற?

— மூணு வருஷம்ங்க! இந்தச் சாயச் செடி பூக்கணும்னு நூல் நூத்து வச்சிட்டு மூணு வருஷம் காத்திருந்தேன். நாளைக்கு நெசவு கிளாஸ்ல அத்தனை பேர் முன்னாடியும் காட்டணும்.

— அதான் பூத்துச்சே! நீ உங்கக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரே மாசத்துல குப்புனு…

— அதான் எனக்கும் ஆச்சரியம். பட்டாணிப் பூ மாதிரி இருக்கும்னு நர்சரிக்காரர் சொன்னாரு. இது வட்டமா இருக்கு.

— பூன்னா… முன்னப்பின்ன இருக்கும்.

— இலையும் அகலமாயிருச்சு.

— சந்தோஷத்துல பூரிச்சிருக்கும்.

— செடிக்கு என்னங்க சந்தோஷம்?

— நீ ஊர்ல இல்லாத… சே, அது இல்ல…

— தண்ணி ஊத்தினீங்களா?

— ஒரு சொட்டு கூட…

— ம்?

— தினம் ஒரு வாளி.

— போகும்போது என்ன சொன்னேன்? காஞ்ச மண்ணுதான் அதுக்குப் பிடிக்கும், ஊத்தாதீங்க, தொடவே தொடாதீங்க, உங்க கையில கூட சாகாத செடின்னு…

— எழுதி சுவத்துலயும் ஒட்டிட்டுப் போன. ஆனா நீ போன மறுநாளே வாடிருச்சு! பயந்துட்டேன். ஊத்த ஊத்த இன்னும் வாடுச்சு. ஒரே வாரத்துல வெறும் குச்சி.

— அப்போ இது?

— கடையில எது மஞ்சளா பூத்திருந்துச்சோ அத வாங்கி அதே குழியில நட்டுட்டேன். பேரு கூட கேக்கல.

— அடப்பாவி மனுஷா…

— உன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு நாலு நாளா தூக்கமே இல்ல. திட்டு. நல்லா திட்டு… ஏன் முகத்த மூடிக்கிற?

— ஐயோ… முடியலங்க…

— அழாதம்மா. வேற கன்னு வாங்கித் தரேன். அந்தப் பக்கமே நான் எட்டிப் பார்க்க மாட்டேன், போதுமா?

— அழலங்க. சிரிப்பு வருது. இது பிழைச்சு பூத்திருச்சுன்னு நானும் நம்பித்தானே அடுப்புல வச்சேன்!

— பிழைச்சா? அது சாகக் கிடந்தது உனக்கெப்படித் தெரியும்?

— கிளம்புறதுக்கு முந்தின நாள், வெயில் நல்லாப் படட்டும்னு அதப் பிடுங்கி இடம் மாத்தினேன். ஆணிவேர் பட்டுனு முறிஞ்சிருச்சு… வேரில்லாத செடிய அப்படியே மண்ணுல குத்தி வச்சுட்டு, பழி எப்படியும் உங்க மேலதான் விழும்னு பஸ் ஏறிட்டேன்.