பத்துக் குப்பி ரத்தம்

மெடிக்கல் காலேஜிலிருந்து கிழக்கேகோட்டைக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஆய்வகத்தில் வேலை செய்யும் பெண்ணும் அவளுடைய மன்னியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“லேப்லே ரத்தத்தைச் சுழற்றினா மேலே நிக்கற தெளிவை எல்லாரும் கீழே கொட்டிடுவா. அதிலேதான் மன்னி அது இருந்தது!”

“எது?”

“புத்துக்கட்டியோட டி.என்.ஏ. கட்டியிலேர்ந்து உதிர்ந்து ரத்தத்திலே மிதக்கறது. சதையை வெட்டாமலே கட்டி இருக்கான்னு சொல்லிடலாம்.”

“உங்க சார் நம்பினாரா?”

“மூணு வருஷமா நம்பலை. போன வாரம் பேரை மறைச்சுப் பத்துக் குப்பி ரத்தம் குடுத்து, எதிலே கட்டி இருக்குன்னு கண்டுபிடிக்கச் சொன்னார். ஒண்ணு தப்பினாலும் வேலையை நிறுத்திடணும்னார். இன்னிக்கு ரிசல்ட் பார்த்தார். பத்தும் சரி! எழுந்து நின்னு கை குடுத்தார், மன்னி.”

மன்னி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம், “என்டெ நாத்தூன் ஜயிச்சு, கேட்டோ!” என்று, தன் நாத்தனார் ஜெயித்துவிட்டதை மலையாளத்தில் சொன்னாள்.

எந்தப் பரீட்சை என்று கேட்காமலே அவர் கை தட்டினார்.