முப்பத்துநான்கு ஆண்டுகளாக ஸ்பெயினை விட்டுக் கிளம்பாத ஆசிரியைக்கு

“இன்னும் எவ்வளவு நாள்தான் ஸ்பெயின்லயே இருப்பீங்க? ஆகஸ்ட் வந்தாச்சு!”

“ராணி ஜூலை கடைசி வரைக்கும் டைம் குடுத்திருக்கா, இசாக். நீங்க ராணியைவிடக் கண்டிப்பா இருக்காதீங்க.”

“அந்த ஜூலை முடிஞ்சு ஐந்நூறு வருஷமாச்சு!”

“பிள்ளைங்களுக்கு இன்னும் முடியலையே.”

தங்கள் கடைசி வேலைநாளன்று தாங்களும் நம் தலைமையாசிரியர் இசாக் மெல்னிக்கும் பேசிய பேச்சு இது. ஆசிரியர் அறையில் இருந்த அனைவரும் கேட்டோம். அதன்பின் தாங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டீர்கள். ஏழாம் வகுப்பின் பதினொரு பிள்ளைகள் மட்டும் இன்றுவரை ஸ்பெயினிலேயே இருக்கிறார்கள். அவர்களை அங்கிருந்து வெளியே கொண்டுவரும் வழி தெரியாமல், மழை விட்டு மண்சாலை காய்ந்ததும் காயாததுமாக இந்தப் பிரிவுபசார விழாவைக் கூட்டி, இம்மடலை வாசிக்கிறோம்.

மாண்புமிகு மோரா ரெபேக்கா யாரோவ்ஸ்கி அவர்களே!

கேள்வி கேட்கும் குழந்தையைக் கைவிடாத கருணையே! கால அட்டவணையைக் கண்டு ஒருநாளும் கலங்காத கல்நெஞ்சமே! நான்காம் பாடவேளையில் நுழைந்து, ஐந்தாம் பாடவேளையை விழுங்கி, ஆறாம் பாடவேளையின் வாசலில் நின்று ‘ஒரே ஒரு நிமிஷம்’ என்று கேட்ட புன்னகையே! வணக்கம். மிகுந்த அன்போடும், அதைவிடச் சற்று மிகுந்த அலுப்போடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது மார்ச்சில், பால் லாரியின் முன்னிருக்கையில் அமர்ந்து இந்த ஊருக்கு வந்து இறங்கினீர்கள். யூத வரலாறு கற்பிக்க வாரத்துக்கு மூன்று பாடவேளை தரப்பட்டது. ஆசிரியருக்கு ‘மோரே’, ஆசிரியைக்கு ‘மோரா’ என்னும் எபிரேய வழக்கப்படி பிள்ளைகளுக்கு மோரா ஆனீர்கள். தொடக்கத்தில் எந்தக் குறையும் சொல்வதற்கில்லை. மார்ச்சில் பாபிலோனின் ஆற்றங்கரைகளைக் கடப்பீர்கள். ஏப்ரலில் எருசலேமின் ஆலயம் இடியும். மே மாதம் ஸ்பெயினின் கோர்தோபாவில் அறிஞர் மைமோனிதெஸ் பிறப்பார். எல்லாம் ரயில் போல ஓடும். ஜூன் வந்ததும் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு வரும்; யூதர் எல்லோரும் ஜூலை முடிவதற்குள் நாட்டை விட்டு வெளியேற ஸ்பெயின் ராணி ஆணையிட்ட ஆண்டு. ரயில் நின்றுவிடும்.

“நாலு மாசம் இருக்கு. தங்கம், வெள்ளி, காசு எதுவும் கொண்டு போகக்கூடாது. என்ன எடுத்துப்பீங்க?” என்று கேட்பீர்கள். மற்ற ஆசிரியர்களாயிருந்தால் நோட்டில் எழுதச் சொல்லியிருப்பார்கள். தாங்களோ ஆளுக்கொரு மூட்டை கட்டச் சொன்னீர்கள். வீட்டிலிருந்தும் எடுக்கலாம், பள்ளியிலிருந்தும் எடுக்கலாம். கட்டிய மூட்டைக்குள் எந்த ஆசிரியரும் கை நுழைக்கக்கூடாது என்று சட்டமும் போட்டீர்கள். கட்டிய மூட்டையைத் தோளில் சுமந்து கால்பந்து மைதானத்தை மூன்று சுற்று வரவேண்டும். சுற்றி வந்து மூச்சிரைக்க நிற்கும் பிள்ளையின் காதில் தாங்கள் குனிந்து ஏதோ கேட்பீர்கள். ஒரே ஒரு கேள்விதான். பிள்ளை உடனே தரையில் உட்கார்ந்து மூட்டையைப் பிரிக்கும், பாதியை வெளியே வைக்கும், மறுபடி கட்டும், மறுபடி நடக்கும். இப்படியே டிசம்பர் வந்துவிடும், பள்ளி ஆண்டும் முடிந்துவிடும்.

நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல, அம்மையே! புவியியல் ஆசிரியை நெலிதாவின் ஆப்பிரிக்க வரைபடம் நான்கு முறை மூட்டைக்குள் ஏறி ஸ்பெயினை விட்டுப் போயிருக்கிறது. உடற்பயிற்சி ஆசிரியர் ராமிரெஸ் விசில் இல்லாமல் வாயாலேயே ஊதி இரண்டு போட்டிகளை நடத்தினார். ஓராண்டு பள்ளி மணியே காணாமற்போய், யாருக்கும் எந்தப் பாடமும் எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. தங்களுக்கு மட்டும் அதில் கவலை இருக்கவில்லை.

மீதி ஐந்நூறு ஆண்டுகளை யார் நடத்தினார்கள் என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? நாங்கள்தான்! ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டில் உக்ரைனின் யூத ஊர்கள் எரிந்ததைக் கணக்கு ஆசிரியை ஸுலேமா பின்னங்களுக்கு நடுவே சொன்னார். போர்த்துக்கீசியர் ரெசிஃபேயை மீட்டதும் அங்கிருந்த நம்மவர்கள் கப்பலேறியதை நெலிதா பிரேசிலின் மழையளவோடு சேர்த்து நடத்தினார். யூத ஞானி பால் ஷெம் தோவின் ஆடிப்பாடும் சீடர்களைப் பாட்டு வகுப்பு பார்த்துக்கொண்டது. ட்ரைஃபுஸ் என்ற யூத ராணுவ அதிகாரிக்கு நேர்ந்த அநியாயத்தை ராமிரெஸ் ஓட்டப் பயிற்சியின்போது சொல்லிக்கொடுத்தார். “நான் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற ஆளு, என்னை இதுல ஏன்யா மாட்டி விடுறீங்க?” என்று அவர் கேட்டது இந்தச் சுவர்களுக்குத் தெரியும். நம் கொள்ளுத்தாத்தாக்கள் ருஷ்யாவிலிருந்து வந்து இந்த மண்ணை உழுத கதையைக் காவலாளிதான் வாசலில் நின்று சொல்லி அனுப்பினார்.

எழுபத்தேழில் பொறுமை தீர்ந்தது. ‘ஸ்பெயினுக்கு ஒரே ஒரு பாடவேளை’ என்று கல்விக் குழுவுக்கு மனு எழுதி, அனைவரும் கையெழுத்திட்டோம். அதைத் தபாலில் சேர்க்கவேண்டிய காலையில்தான் மெக்சிகோவிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. அறுபத்தாறில் தங்களிடம் படித்த ரூத் சபோஸ்னிக் எழுதியது. நம் நாட்டு ராணுவ ஆட்சியில் அவளுடைய தோழியை இழுத்துப் போயிருந்தார்கள். அடுத்து இவள் என்று தகவல் வந்தது. தப்பிக் கிளம்பக் கையில் இருந்தது அரை மணி நேரம். அவள் எழுதியதைத் தலைமையாசிரியர் உரக்கப் படித்தார்:

“ஏழாவதுல நான் மூட்டைக்குள்ள கிராமபோனை வெச்சேன் மோரா. நீங்க ஒண்ணும் சொல்லல, நடக்கச் சொன்னீங்க. அப்புறம் காதுல கேட்டீங்க. அன்னைக்கு ராத்திரி அண்ணன் டிவியைக் கழட்டிக்கிட்டிருந்தான். எனக்குப் பத்து நிமிஷம் போதுமா இருந்துச்சு. பாக்கி இருபது நிமிஷம் அம்மா பக்கத்துல உக்காந்து மாத்தே டீ குடிச்சேன்.”

மனுவை அனுப்பவில்லை. கிழிக்கவும் இல்லை என்பதையும் தங்கள் முன் ஒப்புக்கொள்கிறோம். அடுத்த வாரமே மணி மறுபடி காணாமற்போயிற்று.

இப்போது நடப்பைக் கேளுங்கள். தலைநகரத்தில் எதுவும் நேரத்துக்கு நடந்ததில்லை. தங்கள் ஓய்வூதியக் காகிதம் மட்டும் ஆண்டின் நடுவில், மூட்டைகள் கட்டி முடிந்த வாரத்தில், பிள்ளைகள் ஒரு சுற்றும் நடக்காத நிலையில் வந்து சேர்ந்தது. ரொசாரியோவிலிருந்து ஏரியல் நுதெல்மன் என்ற இளைஞர் வந்திருக்கிறார். நல்லவர். பதினொரு வண்ண அட்டைகளில் ஐந்நூறு ஆண்டுகளையும் மூன்றே வாரத்தில் முடித்துவிட்டார். நாங்கள் கைதட்டினோம். பிறகு நான்காவது வாரம் முன்பெஞ்சுச் சிறுமி எழுந்து, “மோரே, நாங்க இன்னும் கிளம்பவே இல்லையே. எப்படி ஆம்ஸ்டர்டாம்ல இருக்கோம்?” என்று கேட்டாள். அவரிடம் அதற்கு அட்டை இல்லை.

ராமிரெஸ் பிள்ளைகளை மைதானத்தில் மூன்று சுற்று நடத்திப் பார்த்தார். நடந்தார்கள். வந்து வரிசையாக நின்று காதைக் காட்டினார்கள். ராமிரெஸுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. “கனமா இருக்கா?” என்று கேட்டுப் பார்த்தார். “அது இல்ல, ப்ரோஃப்” என்றார்கள். “பயமா இருக்கா?” என்றார் ஏரியல். சிரித்தார்கள். ஸுலேமாவின் மகன் தங்களிடம் படித்தவன், அவனுக்கு இன்று முப்பது வயது; அந்தக் கேள்வி என்னவென்று பெற்ற தாய் கெஞ்சிக் கேட்டும், “அது மோராவுக்கும் எனக்கும் நடுவுல உள்ளதும்மா” என்று சொல்லிவிட்டான். மூட்டைகள் பதினொன்றும் தாழ்வாரத்தில் கட்டியபடியே கிடக்கின்றன. அவற்றில் ஒன்றில் எங்கள் கெட்டில் இருக்கிறது. ஏழு வாரமாக ஆசிரியர் அறையில் மாத்தே இல்லை. தாங்கள் போட்ட சட்டத்தை மீறி யாரும் அதற்குள் கை நுழைக்கவில்லை என்பதை இச்சபை குறித்துக்கொள்ளட்டும்.

அன்புக்கும் அலுப்புக்கும் உரியவரே! நூற்றிருபது வயது வரை நலமோடு வாழுங்கள். தங்கள் வேகத்துக்கு அது போதாது என்பது எங்களுக்குத் தெரியும். முழங்கால் வலி குறையட்டும். தோட்டத்து எலுமிச்சை காய்க்கட்டும். பேரப்பிள்ளைகள் அடிக்கடி வரட்டும், வரும்போது பைகளைச் சோதித்து அனுப்புங்கள்.

தங்கள் வேலையைத் திரும்ப ஏற்கும்படி கேட்கமாட்டோம். அந்தத் தைரியம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. நாங்கள் இந்தப் பிள்ளைகளை நடத்திக்கொள்கிறோம். மணியும் விசிலும் ஆப்பிரிக்காவும் போனால் போகட்டும். ஆனால் சுற்றி வந்து நிற்கும் பிள்ளையின் காதில் தாங்கள் குனிந்து கேட்பீர்களே, அந்த ஒரு கேள்வியை இந்த மேடையை விட்டு இறங்குவதற்கு முன் எங்களில் யாராவது ஒருவர் காதில் சொல்வீர்களா?

இவ்வாறு வேண்டி நிற்கும்,
ஆசிரியர்களும் காவலாளியும்,
யூதப் பள்ளி, லாஸ் அகாசியாஸ்,
எந்த்ரே ரியோஸ் மாகாணம்,
செப்டம்பர் 1993