மூன்று பட்டைகள் வரைந்த எட்டு

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா கார்த்திகேசு அவர்களே, முன்வரிசைக்கு அழகு சேர்க்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்த அன்னையர்களே, தாப்பாவிலிருந்து பேருந்தேறி வந்த தமிழ் நெஞ்சங்களே! முஹ்ஸினாவின் அன்பும் வணக்கமும்.

மேடை எனக்குப் புதிதா? இல்லை. ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது. காரணம் இந்த வலக்கை. வாய் பேசப் பேச வானுக்கு எழுந்த கை, பக்கவாதம் வந்தபின் என் பேச்சைக் கேட்பதில்லை. யாரம்மா அங்கே கண்ணைத் துடைப்பது? பொறுங்கள், கதை இனிமேல்தான்!

குனோங் ராபாட்டில் நானும் கணவர் ரிஷாத்தும் உணவகம் நடத்துகிறோம். கைக்குப் பயிற்சியாக, படுத்த எட்டு ஒன்றை மேசைமேல் மறுபடி மறுபடி வரையச் சொன்னார்கள் மருத்துவமனையில். அசையாத கை எப்படி வரையும்? கணவர் பிடித்து இழுத்துப் பார்த்தார். எட்டு வரவில்லை, அவருக்குத் தோள்வலிதான் வந்தது!

பக்கத்து வீட்டுக் கலாதேவி, கல்லூரியில் இயந்திர வடிவமைப்பு கற்பிப்பவர். "மூனு பட்டை இருந்தா போதும்லா அக்கா. நான் செஞ்சு தாரேன்" என்றார்.

செய்தார். பலகையில் இரண்டு முளைகள். ஒவ்வொன்றிலும் சுழலும் ஓர் அலுமினியப் பட்டை. இரண்டின் நுனிகளையும் இணைக்கும் மூன்றாம் பட்டை. அதன் நடுவே பென்சில், பென்சிலோடு வாரால் கட்டிய என் கை. ஓரத்துப் பட்டையைச் சுழற்றினால் பென்சில் எட்டுப் போடும். கணிதம் சொன்ன கோட்டைக் கருவி வரையும்!

ஆனால் அன்பர்களே, மூன்று பட்டைகளும் ஒரே நேர்கோட்டில் படுக்கும் கணம் ஒன்று உண்டு. அப்போது கருவிக்கு இரண்டு வழிகள். ஒன்று எட்டுக்கு, மற்றொன்று வட்டத்துக்கு. எந்த வழி போனது தெரியுமா? வட்டத்துக்கு! வெடுக்கென்று மணிக்கட்டை இழுத்தது. அலறினேன். ரிஷாத் பாய்ந்து வந்து வாரை அவிழ்த்தார்.

கலாதேவி வெளிறிப்போனார். "கை ஒடிஞ்சிருந்தா என்னக்கா செஞ்சிருப்பேன்? வேணாம், விட்டுருவோம்."

"நீ விட்டுட்டா நான் யாருகிட்டப் போவேன்? எனக்கும் பயமாத்தான் இருக்கு. சரி பண்ணி எடுத்துட்டு வா."

வாரங்கள் கழிந்தன. சுவருக்கு அப்பால் அரம் உரசும் ஓசை மட்டும் கேட்டது. ஓசை நின்றால் பயம், தொடர்ந்தாலும் பயம்!

பிறகு வந்தார். பட்டைகள் நேராகும் இடத்தில் சின்ன முளை ஒன்றும், அது நுழையப் பிளவு ஒன்றும் வைத்திருந்தார். முளை பிளவில் மாட்டினால் வட்டத்துக்கான வழி அடைபடும். முதலில் தன் கையைக் கட்டிச் சுழற்றிக் காட்டினார். அடுத்து என் கை. பட்டைகள் நேராகத் தொடங்கின. கண்ணை மூடிக்கொண்டேன்.

"நின்னுருச்சா கலா?"

"தாண்டிருச்சுக்கா! கண்ணத் தொறங்க."

தாளில் எட்டு! முழு எட்டு!

பயம் போய்விட்டதா என்று கேட்கிறார் ஓர் ஐயா. இல்லை ஐயா! இந்தக் கை எப்போது கேட்கும், எப்போது கைவிடும், எனக்கே தெரியாது. கலாதேவிக்கும் பயம் போகவில்லை. அஞ்சினார், ஆனாலும் ஆராய்ந்தார், அறுத்தார், அராவினார், ஆக்கிக் காட்டினார்! அஞ்சாதவரைப் பாராட்ட ஆயிரம் மேடை உண்டு. அஞ்சியபடியே அடுத்தவர் கைக்காக உழைத்தவரைப் பாராட்ட இந்த ஒரு மேடையாவது வேண்டாமா?

செவிகொடுத்த சபைக்கு நன்றி. கலாதேவிக்குப் பொன்னாடையை இடக்கையால் போர்த்தினால் போதும் என்கிறார் தலைவர். மன்னியுங்கள் ஐயா, வலக்கையும் வரட்டும். வா கலா, பக்கத்துல வா. நடுங்குது பாரு... கொஞ்சம் குனிம்மா. இன்னும் கொஞ்சம். அப்படியே நில்லு.

வந்துருச்சு.

எல்லாருக்கும் வணக்கம்.